நல்ல தண்ணீரில் நின்ற படகுகள்

எங்கள் ஆறுகளுக்குப் படகு தேவைப்பட்டதே இல்லை. கல்வராயன் மலையில் மழை பிடித்தால் பொட்டியம், கல்படை ஓடைகள் வழியாகச் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வெள்ளம் இறங்கும். இரண்டு மூன்று நாளில் அது முழங்கால் தண்ணீராகிவிடும். மாசி பிறந்தால் மணல்தான். வெள்ளம் வந்தால் வடியும்வரை இந்தக் கரையில் உட்கார்ந்திருப்போம். வடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவோம். தண்ணீரை ஒரு பாதையாக நினைக்கும் பழக்கம் இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கிடையாது. மலைமேல் கேட்கவே வேண்டாம். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்தார்களின் கையில் 1976 வரை இருந்த மலை அது. வண்டி போகும் பாதைக்கே வழியில்லாத இடத்தில் படகுக்கு என்ன வேலை?

ஆகவே கள்ளக்குறிச்சிச் சீமையில் படகின் கதை என்று ஒன்று இருந்தால், அது அணையிலிருந்துதான் தொடங்க வேண்டும். கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், கோமுகி அணை 1965இல் கட்டி முடிந்தது. உயரம் 46 அடி, கொள்ளளவு 560 மில்லியன் கன அடி. 1970இல் மணிமுக்தா அணை வந்தது. அது 36 அடிதான், ஆனால் 736 மில்லியன் கன அடி பிடிக்கும். குட்டையான அணை, அகலமான ஏரி. ஓடிப் பழகிய தண்ணீர் முதல்முறையாக எங்கள் ஊரில் நின்றது. நின்ற தண்ணீரில் மீன் வளர்ந்தது, மீனைப் பிடிக்க ஆள் வந்தார்கள், ஆளோடு பரிசல் வந்தது.

பரிசலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நன்னீரில் மிதக்கும் எதையும் எப்படிப் பேணுவது என்பதற்கு நம்மிடம் இருக்கும் பழைய பாடம் அதுதான். மூங்கில் பிளாச்சுகளைக் கூடையாக முடைந்து, அந்தக் காலத்தில் எருமைத் தோலைப் போர்த்துவார்கள். பிறகு தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் சாக்கும் தாரும் வந்தன. இப்போது ஃபைபரில் வார்த்தே விற்கிறார்கள். 1803இல் மராத்தியருடன் போருக்குப் போன ஆர்தர் வெல்லெஸ்லி, அதாவது பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற அதே ஆள், ஆறு கடக்க இந்தக் கூடைப் படகுகளைத்தான் நம்பியிருந்தார். அதை வைத்துக்கொள்ளும் முறையும் எளிது: வேலை முடிந்ததும் தண்ணீரில் விடக் கூடாது. தலைமேல் தூக்கிக்கொண்டு வந்து கரையில் கவிழ்த்துப்போட வேண்டும். காய்ந்த பின் தாரில் விரிசல் தெரியும். தெரிந்த இடத்தில் சூடாக ஒரு கை தார். பரிசல்காரர் தன் படகின் அடிப்பாகத்தைத் தினமும் பார்க்கிறார். மோட்டார் படகு வைத்திருப்பவர் வருஷத்தில் எத்தனை முறை பார்க்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

நான் படகுக்காரன் அல்ல, பம்புசெட் மெக்கானிக். எங்கள் சுற்றுவட்டாரம் ஒரு காலத்தில் முழுக்கக் கரும்பாகிப்போனது. கரும்புக்குத் தண்ணீர் கட்டக் கிணற்றுக்குக் கிணறு டீசல் எஞ்சின் நின்றது. கைப்பிடியைச் சுற்றி, லிவரைத் தட்டி, கரும்புகையோடு கிளம்புகிற எஞ்சின். பம்பு இறைக்கிற தண்ணீரிலேயே ஒரு சின்னக் குழாய் பிரிந்து எஞ்சினுக்குள் போய், சூட்டை வாங்கிக்கொண்டு மறுபக்கம் வெந்நீராக விழும். மார்கழிக் காலையில் அந்தக் குழாயடியில் குளித்தவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் எஞ்சினைத் தொடும் முன் அந்தத் தண்ணீரைத்தான் தொட்டுப் பார்ப்பார். சூடு, ஓட்டம், நிறம் மூன்றும் சரியாக இருந்தால் ஸ்பேனரை எடுக்கவே மாட்டார்.

அந்தத் தொழிலை முடித்துவைத்தது இலவச மின்சாரம். 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசம் என்றானதும், டீசல் வாங்கி எஞ்சின் ஓட்ட யாருக்குப் பைத்தியமா? கிணறு வற்றி ஆழ்குழாய் வந்தது, அதோடு நீர்மூழ்கி மோட்டார் வந்தது. எஞ்சின் மெக்கானிக்குகள் சிலர் டிராக்டருக்குப் போனார்கள், சிலர் ஜெனரேட்டருக்கு. என்னை மாதிரிச் சிலரை மலை ஏரிகள் எடுத்துக்கொண்டன. சீசனுக்கு ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள், போனேன். எந்த ஏரி என்பதை விட்டுவிடலாம். இந்தத் தொழிலில் நான் பார்த்த கோளாறுகளைச் சொல்லப்போகிறேன். எந்த இடத்தின் பெயரையும் அதில் இழுக்க விருப்பமில்லை.

மலை ஏரிகள் பெரும்பாலும் மனிதன் உண்டாக்கியவை. ஊட்டி ஏரியை 1823க்கும் 1825க்கும் இடையில் ஜான் சல்லிவன் உண்டாக்கினார். கொடைக்கானல் ஏரியை 1863இல் வேரெ ஹென்றி லெவிஞ்ச் கட்டினார். அங்கே படகுக் கழகம் 1890இல் வந்தது. கொடைக்கானலுக்கு முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து மலைக்கு ஏற்றியதாகச் சொல்வார்கள். இந்தச் சேதி எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் எனக்குப் படகு வேலை கற்றுக்கொடுத்த மனிதரும் தூத்துக்குடிக்காரர்தான். கடலில் விசைப்படகு எஞ்சின்களோடு வளர்ந்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

கடல் படகை ஏரியில் விட்டால் என்ன ஆகும்? நல்லதுதானே, உப்பு இல்லையே என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இரும்புக்கு அது சரி. மரத்துக்குச் சரியில்லை. கடலில் மரத்தைத் துளைக்கும் புழு நன்னீரில் வாழாது, உண்மை. ஆனால் மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது. மழைத்தண்ணீர் என்றால் கொண்டாட்டம். அதனால் ஏரிப் படகு பெரும்பாலும் அடியில் உளுக்காது. மழை தேங்கும் மூலையில், இருக்கைப் பலகையின் இடுக்கில், ஆணி இறங்கிய துளையில் தொடங்கும். வட அமெரிக்காவின் பேரேரிகளில் 19ஆம் நூற்றாண்டில் மரக்கப்பல் கட்டியவர்கள் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். அவர்கள் கப்பலின் விலாச்சட்டங்களுக்கு இடையே கல்லுப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டி அடைத்தார்கள். நன்னீர்க் கப்பலுக்கு உப்பை விலைகொடுத்து வாங்கிப் போட்டார்கள்!

மோட்டார் பிறந்த கதையும் ஏரியில்தான். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சினில் குடியேறிய ஓலே எவின்ரூடு, தன் காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்க ஏரியில் துடுப்புப் போட்டுக்கொண்டு போய்த் திரும்புவதற்குள் அது உருகிப்போனது, அந்த எரிச்சலில்தான் படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரைச் செய்தார் என்பார்கள். ஐஸ்கிரீம் கதை எப்படியோ, 1909இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஒன்றரைக் குதிரைத்திறன் எஞ்சின். நம் பக்கம் படகில் எஞ்சின் பரவியதற்கும் நார்வேக்காரர்களுக்கும் தொடர்புண்டு: 1952இல் கையெழுத்தான இந்திய-நார்வே திட்டம் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் மீன்பிடிப் படகுகளை இயந்திரமாக்கத் தொடங்கியது. அதன் பிறகுதான் நம் கடற்கரையில் ஊருக்கு ஊர் எஞ்சின் மெக்கானிக் உருவானார்கள். மலை ஏரிகளில் சுற்றுலா மோட்டார் படகு வந்தபோது அவற்றைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு தொழில் வம்சம் இல்லை. கடலிலிருந்து ஒருவர், கரும்புத் தோட்டத்திலிருந்து ஒருவர், லாரி பட்டறையிலிருந்து ஒருவர் என்று கூடித்தான் அதைச் செய்தோம். இதை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்கத் தக்கது என்றே நினைக்கிறேன்.

அண்ணாச்சி முதல் நாளே சொன்னார்: “ஏலே தம்பி, உப்புத்தண்ணின்னா பயந்துபோய்த் தெனமும் எஞ்சினைக் கழுவுவான். நல்லதண்ணின்னா அதுல குதிச்சுக் குளிச்சிட்டுப் போயிருவான்.” சீசன் முழுவதும் படகு தண்ணீரிலேயே கிடக்கும். ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை காலையிலிருந்து இருட்டும்வரை கூட்டம். கரையேற்றிப் பார்க்க ஒரு மணிநேரம் கிடைக்காது. டிக்கெட் கவுன்டரில் வரிசை நிற்கும்போது மேலாளரிடம் போய், “சார், அந்தப் படகை இழுக்கணும்” என்று சொல்லிப் பாருங்கள்.

அதனால் காலை ஆறு மணிக்கு, பனி விலகும் முன், வேலை. அவுட்போர்டு எஞ்சினை மேலே சாய்த்து ப்ரொப்பல்லரைப் பார்க்க வேண்டும். ஆகாயத்தாமரை வேரும் பாசியும் சுற்றியிருந்தால் கையால் எடுத்துவிடலாம். ஆபத்து தூண்டில் நைலான். ப்ரொப்பல்லருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் சுற்றி இறுகி, ஷாஃப்டின் ஆயில் சீலை அறுத்துவிடும். அறுந்த வழியாகத் தண்ணீர் கியர் பெட்டிக்குள் போகும், ஒரு சத்தமும் வராது. கீழ்த் திருகைக் கழற்றி ஒரு சொட்டு ஆயிலை விரலில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்: மோர் கலந்தது போல வெளுத்திருந்தால் அந்தப் படகு அன்றைக்கு ஓடக் கூடாது. புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாகத்தான் ஏற்ற வேண்டும், மேல் துளையில் வழியும்வரை. மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று நின்றுவிடும்.

அடுத்தது தண்ணீர். அவுட்போர்டுக்குள் ரப்பர் இதழ் வைத்த ஒரு சின்ன இம்பெல்லர் ஏரித் தண்ணீரை உறிஞ்சி எஞ்சினைக் குளிர்விக்கிறது. ஓடும்போது எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு கம்பித் தண்ணீர் பீச்சும். மூத்திரத் தண்ணி என்றுதான் பட்டறையில் பேச்சு. அண்ணாச்சி என்னை நிற்கச் சொன்ன இடம் அது. கரும்புத் தோட்டத்து வெந்நீரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. பீச்சு மெலிந்தால் இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது அல்லது உறிஞ்சும் சல்லடையில் பாசி. கொதித்தால் நிறுத்து.

மலை அணைகளில் ஒரு வினோதம் இருக்கிறது. கூட்டம் உச்சத்தில் இருக்கும் மே மாதத்தில்தான் தண்ணீர் பெரும்பாலும் அடியில் கிடக்கும். பைக்காரா மாதிரி மின் உற்பத்திக்குக் கட்டிய நீர்த்தேக்கத்தில் (அங்கே மின் நிலையம் 1932இல் ஓடத் தொடங்கியது) படகு ஓட்டுபவருக்காக யாரும் தண்ணீரைத் தேக்கிவைக்க மாட்டார்கள். மட்டம் இறங்க இறங்கப் படகுத்துறை சேற்றுக்கு வரும், ப்ரொப்பல்லர் சேற்றைக் கிளப்பும், இம்பெல்லர் அதை விழுங்கும். மணல் கலந்த சேறு ரப்பரை அரம் போட்ட மாதிரி தேய்த்துவிடும். ஆகவே சீசனுக்கு ஒரு இம்பெல்லர் என்று புத்தகம் சொன்னாலும், மே மாதத்துக்கு என்று தனியாக ஒன்றைப் பூட்டிவைப்பது என் வழக்கம். ஊட்டி ஏரியின் சிக்கல் வேறு. கோடப்பமந்து கால்வாய் நகரத்தின் சாக்கடையைக் கொண்டுவந்து சேர்க்கிறது, அந்த உரத்தில் ஆகாயத்தாமரை செழிக்கிறது. அங்கே பாசியும் வேரும்தான் எதிரி. தேக்கடியிலோ, 1895இல் பெரியாறு அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது மூழ்கிய காட்டின் பட்டமரங்கள் இன்னும் நீருக்குள் நிற்கின்றன. சின்ன அவுட்போர்டில் ப்ரொப்பல்லரை ஷாஃப்டோடு பிணைக்கும் ஷியர் பின் என்ற சின்ன ஊசியின் வேலை உடைவதுதான். கட்டையில் மோதினால் அது உடைந்து கியரைக் காப்பாற்றும். அடிக்கடி உடைகிறதே என்று அதன் இடத்தில் ஆணியை அடித்துவைத்த ஒரு படகை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த கட்டைக்குக் கியர் பெட்டியே போனது.

உள்ளே டீசல் எஞ்சின் பொருத்திய பெரிய படகுகள் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. ஷாஃப்ட் படகின் அடியைத் துளைத்து வெளியே போகுமிடத்தில் தண்ணீரை அடைக்க, பம்புசெட்டில் இருக்கும் அதே கிளாண்ட் கயிறு, அதே கிரீஸ். சுத்தமாகச் சொட்டக் கூடாது என்று புது ஆட்கள் இறுக்கிவிடுவார்கள். சொட்ட வேண்டும். ஓடும்போது கொஞ்சம் சொட்டினால்தான் கயிறு குளிரும். இறுக்கினால் கயிறு எரிந்து ஷாஃப்டில் பள்ளம் விழும்.

மாலையில் கடைசிச் சவாரி முடிந்ததும், மறுநாள் ஓடாத எஞ்சின் என்றால் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓட்டி நிறுத்த வேண்டும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஐம்பதுக்கு ஒன்று என்ற கணக்கில், லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலந்திருப்போம். பெட்ரோல் ஆவியாகிவிட்டால் அந்த ஆயிலும் பிசினும் ஜெட்டில் உட்கார்ந்துகொள்ளும். இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஓர் அளவுக்கு மேல் போனால் தண்ணீரோடு பிரிந்து டேங்கின் அடியில் இறங்கிவிடும். ஏரிமேல், பனியில், பாதி காலியான டேங்க் என்றால் சொல்லவே வேண்டாம். கரும்புப்பாகிலிருந்தும் எடுக்கிற எத்தனால்தான். கரும்புக்குத் தண்ணீர் இறைத்தே வளர்ந்தவனை அது படகு டேங்குக்குள் வந்தும் விடவில்லை.

சீசன் நடுவில் ஒரு முறையாவது, மழை நாள் பார்த்து, ஒவ்வொரு படகாக இழுத்துப்போட்டு அடிப்பாசியைத் தேய்ப்போம். தேங்காய் நாரால்தான், இரும்புப் பிரஷ் பட்டால் ஃபைபரின் மேல்பூச்சு போய்விடும். அப்போதுதான் கொப்புளங்கள் தெரியும். நாட்பட்டுத் தண்ணீரில் கிடந்த ஃபைபர் உடம்பில், பூச்சுக்குப் பின்னால், காசு காசாகக் கொப்புளம் கிளம்பும். குத்தினால் காடி வாடையடிக்கும் நீர் வரும். இது கடலைவிட நன்னீரில் அதிகம். பூச்சு வழியாக மெல்ல உள்ளே ஊறிய தண்ணீர் அங்கே கரையக்கூடியதைக் கரைத்துக் கெட்டியாக நிற்கும். வெளியே இருக்கும் தண்ணீர் உப்பில்லாமல் மெல்லியதாக இருப்பதால் இன்னும் வேகமாக உள்ளே இழுக்கப்படும். அண்ணாச்சிக்கே இது புதிது. கடலில் இவ்வளவு பார்த்ததில்லை என்றார். எஞ்சினின் காலில் அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ள ஒரு துத்தநாகக் கட்டியை மாட்டியிருப்பார்கள். அதுவும் கடலுக்குச் செய்தது. நன்னீரில் தன்மேல் ஒரு தோல் கட்டிக்கொண்டு சும்மா இருக்கும். ஏரிக்கு மெக்னீசியக் கட்டிதான் வேண்டும். இதைச் சொல்லி வாங்கவைக்க நான் பட்ட பாடு தனிக்கதை.

பராமரிப்பால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். பழைய படகல்ல, ஓடத் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஸ்பேனரால் ஒரு படகின் நிலைப்பைக் கூட்ட முடியாது.

ஓடுகிற படகைவிட ஓடாத படகுதான் எனக்கு எப்போதும் கவலை. 2024 டிசம்பர் 2 அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையில், சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தபோது தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் படகு போனது. எங்கள் மாவட்டத்துக் கிராமங்களிலும் தண்ணீர். படகு தேவைப்படாத சீமை என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா, பத்து வருஷத்துக்கு ஒரு நாள் அது பொய்யாகும். அந்த நாளுக்காக ரப்பர் படகும் அவுட்போர்டும் எங்காவது ஒரு கொட்டகையில் கிடக்கும். எந்த ஊர் என்பது வேண்டாம், அப்படி ஒன்றைக் கிளப்பச் சொல்லி என்னை அழைத்தார்கள். கார்புரேட்டரைத் திறந்தால் ஜெட்டில் பச்சையாகப் பிசின். ஊசியால் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிடும். பெட்ரோலில் ஊறவைத்து, மெல்லிய செம்புக் கம்பி இழையால் எடுத்து, ஊதி, மாட்டிக் கிளப்புவதற்குள் பொழுது நன்றாக விடிந்துவிட்டது. அந்த எஞ்சினில் தேய்ந்தது என்று ஒரு உறுப்பும் இல்லை. மாதம் ஒரு முறை ஒரு டிரம் தண்ணீரில் எஞ்சினின் காலை நனைத்துப் பத்து நிமிஷம் ஓட்டியிருந்தால் போதும்.

இப்போது கரியாலூர். வெள்ளிமலைக்குப் போகும் வழியில், கல்வராயன் மலைமேல், சின்ன ஏரியும் படகுத்துறையும் உண்டு. மிதிபடகும் துடுப்புப் படகும் ஓடும். கோடை விழா நாளில் சின்னசேலம், ஆத்தூர் பக்கமிருந்தெல்லாம் கூட்டம் ஏறும். எங்கள் தெருப் பையன்கள், “பெரியப்பா, அங்க மோட்டார் போட் விட்டா ஊட்டி மாதிரி ஆயிடும்ல?” என்று கேட்கிறார்கள். ஆகாது என்றுதான் சொல்கிறேன். அந்த ஏரியில் எஞ்சின் முழு வேகம் பிடிக்கும் முன் எதிர்க்கரை வந்துவிடும். ப்ரொப்பல்லர் கிளப்பும் சேறு தெளியாது. இம்பெல்லருக்கும் ஆயில் சீலுக்கும் மலையிறங்கி நகரத்துக்கு ஓட வேண்டும். அது வரும்வரை படகு கட்டிக்கிடக்கும், கட்டிக்கிடந்தால் கார்புரேட்டர் போகும். மிதிபடகுக்கோ செயினும் பேரிங்கும் சுக்கான் கயிறும்தான். அதற்கு ஒரு சைக்கிள் கடைக்காரர் போதும். கவிழ்த்துப்போட்டு அடியைப் பார்க்க நான்கு பேர் போதும்.

“அப்ப உங்களுக்கு என்ன வேலை பெரியப்பா?” என்றான் ஒருவன்.

கோமுகிக்குக் கீழே இன்னும் நாலைந்து தோட்டத்தில் டீசல் எஞ்சின் வைத்திருக்கிறார்கள், மின்சாரம் போகும் நேரத்துக்காக. அதில் ஒன்றுக்குக் கிளாண்ட் கயிறு மாற்ற வேண்டியிருக்கிறது. அவனையும் வரச் சொல்லியிருக்கிறேன், எவ்வளவு சொட்ட வேண்டும் என்று பார்த்துக்கொள்ளட்டும்.